சட்டைப் பையில் இருந்த பாதி பிஸ்கட்

கதிர்,

நாளை மறுநாள் நீ வேலையில் சேரத் தில்லிக்குப் புறப்படுகிறாய். உன் பெட்டியில் வைப்பதற்காக நான்கு நாட்களாக ஒரு பட்டியல் தயாரித்தேன். மொத்தம் முப்பத்தொரு விதிகள். கடையில் என்ன கேட்க வேண்டும், பொட்டலத்தின் பின்புறம் எதைத் தேட வேண்டும், அலுவலக உணவகத்தில் யாரிடம் முதலில் பேச வேண்டும் என்று வரிசை எண் இட்டு எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டுவிட்டேன். உன் அம்மா அதை வாங்கிப் பொறுமையாகப் படித்தாள். "எல்லாம் சரிதாங்க. இதுல அவனுக்குத் தெரியாதது எதுனா ஒண்ணு இருக்குதா, காட்டுங்க," என்றாள். மேலிருந்து கீழாக இரண்டு முறை பார்த்தேன். ஒன்றும் இல்லை. ஆகவே பட்டியலை மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். விதிகளை எழுதிப் பழகிய கை இது. செய்த பிழைகளை எழுதுவது இதற்குப் புதிது. நம் ஞாயிறு மருத்துவ முகாமுக்குக் குழந்தைகளை அழைத்து வரும் பெற்றோரும் இதைப் படிக்கலாமா என்று உன்னிடம் அனுமதி கேட்டேன். "என் மானத்த வாங்காம எழுதுனீங்கன்னா சரி," என்றாய். கவலைப்படாதே. இதில் மானம் போவதாக இருந்தால் அது என்னுடையதுதான்.

நான் இரும்புக் கம்பியைச் சோதிப்பவன். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் உள்ள ஓர் உருக்காலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகளாக ஒரே வேலை. கம்பியை இயந்திரத்தில் பூட்டி, அறுந்துபோகும்வரை இழுத்து, அறுந்த முனையைப் பார்த்து, தேறும் அல்லது தேறாது என்று எழுத வேண்டும். கம்பியிடம் எதையும் கேட்க வேண்டியதில்லை, அளந்தால் போதும். நீ நான்காம் வகுப்பில் படித்தபோது அடிக்கடி வயிறு வலிக்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாய். உன்னையும் நான் அளந்தேன். ஒரு நோட்டில் கட்டம் போட்டு, வலி வந்த தேதி, கிழமை, நேரம், எத்தனை நிமிடம் நீடித்தது, அன்று மழையா என்று மூன்று மாதம் குறித்தேன். வலி பள்ளி நாட்களில்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருவதில்லை, வந்தாலும் லேசாகத்தான். கடைசிப் பக்கத்தில் சிவப்பு மையில் முடிவு எழுதினேன்: 'பள்ளிக்குச் செல்ல விருப்பமின்மை.' அந்த எழுத்து இப்போதும் அழியாமல் இருக்கிறது. நோட்டை நான் எறியவில்லை.

நம் வீட்டில் வாரநாட்களில் பள்ளிக்குச் சப்பாத்தி என்பது நான் வகுத்த விதி. மதியம் சோறு உண்டால் வகுப்பில் தூக்கம் வரும் என்பது என் எண்ணம். ஞாயிறு மட்டும் சோறும் பழவேற்காட்டு மீனும். வலி நாட்கள், சப்பாத்தி நாட்கள் என்ற இந்த இரண்டு உண்மைகளும் ஒரே வீட்டில், ஒரே மேசையின் இரு பக்கங்களில் உட்கார்ந்திருந்தன. எனக்குத்தான் அவற்றைச் சேர்த்துப் பார்க்கத் தோன்றவில்லை. வயிறு மோசமான நாட்களில் எல்லா வீடுகளிலும் செய்வதையே நாங்களும் செய்தோம். சோற்றை நிறுத்தி, பாலில் ரொட்டியை நனைத்துக் கொடுத்தோம். நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் பன்னும் ரஸ்க்கும் வாங்கிப் போகிற ஊர் இது. ரொட்டி என்றால் மருந்துக்கு அடுத்த படி. ஒரு நாள் நீ தட்டைத் தள்ளிவிட்டு, "அப்பா, ரொட்டி துன்னாதான்பா வலிக்குது," என்றாய். "ரொட்டி துன்னா எவனுக்குடா வலிக்கும்? ஆஸ்பத்திரியில டாக்டருங்களே அதைத்தான் குடுக்கறாங்க. இன்னும் ரெண்டு துண்டு இருக்கு, முடி," என்று பக்கத்தில் நின்று முடிக்க வைத்தேன். அன்று உனக்கு ஒன்பது வயது. உன் நோயை அன்றே நீ கண்டுபிடித்துச் சொல்லிவிட்டாய். மற்றவர்களுக்கு மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

அந்த இரண்டு ஆண்டுகளில் பூச்சி மருந்து கொடுத்தார்கள், காசநோயோ என்று சந்தேகித்தார்கள், டானிக் எழுதினார்கள். மாதம் முதல் தேதி உன்னைக் கதவு நிலையில் நிறுத்தி உயரத்தைக் கோடு போடுவேன் அல்லவா? பதினான்கு மாதங்கள் கோடு ஒரே இடத்தில் நின்றது. நான் அளவு நாடாவைச் சந்தேகித்து ஆலையிலிருந்து வேறொன்று கொண்டுவந்தேன். கை கால்கள் குச்சியாகி வயிறு மட்டும் உப்பிய பிறகுதான், குழந்தைகளின் குடல் நோய்களை மட்டுமே பார்க்கும் மருத்துவர் ஒருவர் சென்னையில் இருப்பதாக யாரோ சொல்லி, உன்னை அழைத்துப் போனோம். அவரிடம் என் நோட்டைப் பெருமையோடு நீட்டினேன். அந்த அம்மையார் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். "தேதி இருக்கு, நேரம் இருக்கு, அன்னிக்கு மழையான்னுகூட எழுதியிருக்கீங்க. என்ன சாப்பிட்டான்னு எங்க சார் இருக்கு?" என்றார். அந்தக் கட்டமே நான் போடவில்லை. பிறகு அவர் என்னை விட்டுவிட்டு உன் பக்கம் திரும்பி, "நீ சொல்லு கண்ணா, எது சாப்பிட்டா வலிக்குது?" என்றார். அதுவரை பார்த்த எந்த மருத்துவரும் உன்னைக் கேட்கவில்லை. "ரொட்டி, சப்பாத்தி. அப்பாகிட்ட சொல்லிட்டேன்," என்றாய். அவர் என்னை ஒரு முறை பார்த்துவிட்டுப் பரிசோதனைச் சீட்டை எழுதத் தொடங்கினார். அவர் ஏதாவது சொல்லியிருக்கலாம்.

இரத்தப் பரிசோதனையும், வாய்வழியே குழாய் செலுத்திச் சிறுகுடலில் ஒரு துணுக்கு எடுத்துப் பார்த்ததும் நீ சொன்னதையே சொல்லின. கோதுமையில் உள்ள ஒரு சத்து உன் குடலுக்கு ஆகாது. உண்ண உண்ணக் குடலின் உட்புறம் தேய்ந்துபோகும். நம் பக்கத்தில் அரிதான நோய். மருந்து கிடையாது, கோதுமையை ஆயுள் முழுதும் விட்டால் போதும். 'விட்டால் போதும்' என்ற அந்தச் சொல்லைக் கேட்டு உன் அம்மா மருத்துவமனை நடையிலேயே உட்கார்ந்து அழுதாள். அது நிம்மதியில் வந்த அழுகை. மைதா, ரவை, சேமியா, உடம்பு தேறக் கொடுத்த மால்ட் பானம் என எல்லாவற்றையும் நான் பட்டியலிட்டு வீட்டை விட்டு வெளியேற்றினேன். ஆனாலும் இரண்டு மாதம் உனக்கு முழுக்கக் குணமாகவில்லை. மருத்துவரே கண்டுபிடித்தார்: நம் பெருங்காயத் தூளில் கோதுமை மாவு கலந்திருந்தது. தினமும் சாம்பாரில் நானே உனக்கு அதை ஊற்றிக்கொண்டிருந்தேன். அதை நிறுத்திய பின் கதவு நிலையில் கோடு மேலே ஏறத் தொடங்கியது.

நீ தேறிய பிறகுதான் மற்ற குழந்தைகள் என் கண்ணில் பட்டார்கள். ஆலையில் உடன் வேலை செய்பவர்களின் வீடுகளிலும், ஊத்துக்கோட்டை, மீஞ்சூர்ப் பக்கங்களிலும் மாதக்கணக்கில் வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, மலத்தில் இரத்தம் என்று அலையும் பிள்ளைகள் இருந்தார்கள். சிறப்பு மருத்துவரைப் பார்க்கச் சென்னைக்குப் போவதென்றால் ஒரு நாள் வேலை போகும். யாரிடம் போவது என்பதும் தெரியாது. நான் நம் மருத்துவரிடம் போய்க் கேட்டேன். "மாசத்துல ஒரு ஞாயிறு நான் வரேன் சார். ஆனா திருவிழாக் கூட்டம் வேணாம். இருபது பிள்ளைங்க. ஒவ்வொருத்தர்கிட்டயும் உட்கார்ந்து பேசிப் பார்க்கணும்," என்றார். இடம் கொடுத்தவர் பஷீர் பாய். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்த அவருக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபம் இருந்தது. மாதத்தின் இரண்டாம் ஞாயிறு என்று நான் தேதி குறித்துக்கொண்டு போனதும் சிரித்தார். "இரண்டாவது ஞாயிறு, மூணாவது ஞாயிறுன்னு பேஜாரு பண்ணாதீங்க சார். உங்க ஆளுங்க முகூர்த்தம் பார்த்துக் கண்ணாலம் வச்சிக்கினே இருக்காங்க. முகூர்த்தம் இல்லாத ஞாயிறா பார்த்துச் சொல்றேன், வந்து பந்தி போடற ஹால்ல உக்காந்துக்கங்க. ஆடி மாசம் பூரா உங்களுதுதான்!" ஓர் இஸ்லாமியப் பெரியவர் பஞ்சாங்கம் பார்த்துக் குழந்தைகளின் வயிற்று முகாமுக்கு நாள் குறித்துக் கொடுப்பது இன்றுவரை தொடர்கிறது.

முதல் முகாமுக்கு இருபது பேருக்குப் பதில், சளி, இருமல், சிரங்கு உள்ளவர்கள் உட்பட மண்டபம் நிறையப் பிள்ளைகள் வந்துவிட்டார்கள். உண்மையில் மருத்துவரைப் பார்க்க வேண்டியவர்கள் பார்க்காமலே திரும்பினார்கள். ஆகவே விதி செய்தேன். உள்ளூர் மருத்துவரின் பரிந்துரைக் கடிதம் உள்ளவர்களுக்கு மட்டும் டோக்கன். எண் அழைக்கும்வரை யாரும் மேசைக்கு அருகில் வரக்கூடாது. நீ உன் பரிசோதனைக்கு வரும்போதும் சலுகை கிடையாது. அமைப்பாளரின் மகன் என்பதால் உனக்கு எப்போதும் கடைசி டோக்கன், இருபத்தொன்று. இவை நல்ல விதிகள் என்றே இன்றும் நினைக்கிறேன். முகாம் ஒழுங்காக நடந்தது. மருத்துவர் பாராட்டினார். எனக்கு அது பிடித்திருந்தது.

இப்போது நான் எழுத வேண்டிய நாளுக்கு வந்துவிட்டேன். உனக்குப் பதினைந்து வயது. அந்த ஞாயிறு காலை இரவுப்பணி முடிந்த கோலத்தில், கையில் தலைக்கவசத்தோடு ஒரு வடநாட்டுத் தொழிலாளி தன் மனைவியையும் ஐந்து வயதுப் பெண் குழந்தையையும் அழைத்து வந்திருந்தார். வெகு நேரம் பெஞ்சில் காத்திருந்துவிட்டு என் மேசைக்கு வந்தார்கள். கடிதம் இல்லை. தமிழும் இல்லை. நான் அறிவிப்புப் பலகையைக் காட்டினேன், சுகாதார நிலையம் இருக்கும் திசையைக் காட்டினேன், கடிதம் எழுதுவதுபோல் கையை அசைத்தேன். அவர் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். அவர்கள் போனார்கள். இதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அடுத்த எண்ணை அழைத்தேன்.

மறுநாள் காலை உன் அம்மா துணி ஊறவைக்க எடுத்தபோது உன் சட்டைப் பையிலிருந்து பாதி பிஸ்கட் விழுந்தது. கோதுமை பிஸ்கட். அறுந்த கம்பியின் முனையைப் பார்த்தே அது எப்படி அறுந்தது என்று சொல்பவன் நான். அந்தப் பிஸ்கட்டின் விளிம்பில் பல் பட்ட தடம் இல்லை, கையால் உடைத்தது என்பதைப் பார்க்கவில்லை. பள்ளிச் சீருடையில் நின்ற உன்னை அழைத்தேன்.

"இன்னாடா இது?"

"பிஸ்கட்டுப்பா."

"எத்தினி நாளா நடக்குது?"

"நான் துன்னல."

"துன்னாதவன் பையில பாதி பிஸ்கட்டு எப்டி வரும்? மீதி பாதி எங்க போச்சி?"

"மீதிய அவ துன்னுட்டா."

"எவ?"

"நேத்து நீங்க திருப்பி அனுப்பினீங்களே, அந்தப் பாப்பா."

பிறகு நீ சொன்னாய். பெஞ்சில் அவள் உன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வயிறு சரியில்லாத குழந்தைக்கு அவள் அம்மா பிஸ்கட் கொடுத்திருந்தாள், நாங்கள் உனக்கு ரொட்டி கொடுத்ததைப்போல. அவள் அதைப் பாதியாக உடைத்து உன்னிடம் நீட்டினாள். "வாங்கலன்னா அழுதுருவா போல இருந்திச்சி. அதான் வாங்கிப் பையில போட்டுக்கினேன். அவ கை காலு, வயிறு எல்லாம் என் பழைய போட்டோல இருக்கிற மாதிரியே இருந்திச்சிப்பா." "அத நேத்தே எங்கிட்ட வந்து சொல்றதுக்கு இன்னாடா?" என்றேன். "நம்பர் கூப்புடாம மேசைகிட்ட யாரும் வரக்கூடாதுன்னு நீங்கதானே போர்டு எழுதி வச்சீங்க. என் நம்பர் வர்றதுக்குள்ள அவங்க போய்ட்டாங்க," என்றாய். உன் அம்மா ஈரத் துணியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் உடனே முகாம் பதிவேட்டை எடுத்தேன். எடுத்த பிறகுதான் உறைத்தது. டோக்கன் பெற்றவர்களின் பெயர் மட்டுமே அதில் இருந்தது. எங்கள் ஆலையில் தேறாத கம்பிக்குக்கூட ஒரு பதிவேடு உண்டு. எந்த வார்ப்பு, எந்தத் தேதி, ஏன் திருப்பினோம் என்று எழுதாமல் ஒரு கம்பியும் வாசலைத் தாண்டாது. ஒரு குழந்தையைப் பெயர்கூடக் கேட்காமல் அனுப்பியிருந்தேன். நீதான் அவள் அப்பாவின் தலைக்கவசத்தை நினைவு வைத்திருந்தாய்: மஞ்சள், நடுவே சிவப்புப் பட்டை. அது எந்தக் கம்பி உருட்டும் ஆலையுடையது என்று எனக்குத் தெரியும். அன்று நான் விடுப்பு எழுதிக் கொடுத்தேன். உன்னையும் பள்ளிக்கு அனுப்பவில்லை. பள்ளி வைத்திருந்த ஒரு நாளில் உன்னை நானே நிறுத்தியது அதுதான் முதல் முறை. கிளம்பும்போது நீ உள்ளே ஓடிப்போய் ஏதோ எடுத்து வந்தாய். என்ன என்று நான் கேட்கவில்லை.

ஆலை வாசலில் இருந்த காவலாளி, ஆந்திர எல்லைப் பக்கத்துக்காரர், எங்களை ஏற இறங்கப் பார்த்தார். "பேரு இன்னா சார்?" என்றார். தெரியாது என்றேன். "எந்த செக்சன்?" தெரியாது. "இன்னா சார் இது, படிச்சவரா இருந்துக்கினு பேரும் தெரியாம ஊரும் தெரியாம ஆளைத் தேடறீங்க? உள்ள அத்தினி பேரும் இந்திக்காரன்தான், அத்தினி பேரு தலையிலயும் இதே தொப்பிதான்." நீ முன்னால் வந்து, "அவரு கொயந்தைக்கு உடம்பு சரியில்லண்ணா. சின்னப் பாப்பா," என்றாய். அவர் முகம் மாறியது. "அந்த ஆளா? அவன் இன்னிக்கு வேலைக்கு வரலியே நைனா. கொயந்த தேறல, சாயங்கால வண்டியில ஊருக்கு இட்டுக்கினு போறேன்னு சைகையில சொல்லிக்கினு இருந்தான். பின்னால லைன் ஊட்ல பாருங்க. இரு, நானும் வரேன். எனக்குத் தெலுங்கு வரும், இந்தி சுத்தமா வராது. மூணு பேரும் சேர்ந்து கையக் காலை ஆட்டுவோம்."

தகரக் கூரை வரிசையில் கடைசி அறை. வாசலில் இரண்டு மூட்டைகள் கட்டி வைக்கப்பட்டிருந்தன. உள்ளே பாயில் அந்தக் குழந்தை கிடந்தாள். தலைமாட்டில் தேநீர், அதில் நனைத்த பிஸ்கட். நேற்றுத் தங்களைத் திருப்பி அனுப்பியவன் வாசலில் நிற்பதைக் கண்டதும் அவள் அப்பா எழுந்து கும்பிட்டார். அந்தக் கும்பிடு எனக்கு வேண்டியிருக்கவில்லை. நான் தமிழில் பேசினேன், ஆங்கிலத்தில் பேசினேன். காவலாளி தெலுங்கில் பேசிப் பார்த்தார். அவர்கள் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு மூட்டைகளைக் காட்டினார்கள். ரயில் டிக்கெட்டைக் காட்டினார்கள்.

அப்போது நீ பையிலிருந்து அந்தப் படத்தை எடுத்தாய். பதினொரு வயதில், சிகிச்சைக்கு முன், மருத்துவமனைக் குறிப்புக்காகச் சட்டையில்லாமல் எடுத்த படம். நீ வெறுத்த படம். அதன் மற்றப் பிரதிகளையெல்லாம் நீ கிழித்துப் போட்டது எனக்குத் தெரியும். ஒன்றை நீயே வைத்திருந்தது தெரியாது. அதை அந்தத் தாயின் கையில் கொடுத்தாய். படத்தைத் தொட்டு, உன் மார்பைத் தொட்டாய். பிறகு தேநீரில் கிடந்த பிஸ்கட்டைக் காட்டி, இல்லை என்று தலையசைத்தாய். அவள் படத்தைப் பார்த்தாள். பாயில் கிடந்த மகளைப் பார்த்தாள். வளர்ந்து நின்ற உன்னை, தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பிறகு போய் மூட்டையின் முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.

மறுநாளே மருத்துவர் பார்த்தார். உன்னுடைய நோயேதான். "இந்த நிலையில அவ்ளோ தூரம் ரயில்ல போயிருந்தா…" என்று ஆரம்பித்தவர் உடனே மருத்துவமனையில் சேர்க்கச் சீட்டு எழுதினார். முதல் சில நாட்கள் மருத்துவமனையில் வைத்திருந்தார்கள். உன் அம்மா அந்தப் பெண்ணுக்கு இட்லிக்கு மாவரைக்கக் கற்றுக்கொடுத்தாள். குடும்பம் ஊருக்குத் திரும்பவில்லை. கோதுமை உண்ணும் ஊரிலிருந்து அரிசி உண்ணும் ஊருக்கு வந்திருந்தது அந்தக் குழந்தைக்கு நல்லதாயிற்று. மூன்றாம் மாதம் அவள் பெஞ்சில் உட்கார மறுத்துப் பந்திக் கூடம் முழுவதும் ஓடினாள். "சார், உங்க போர்டுல ஓடக் கூடாதுன்னு எழுதலியா?" என்றார் பஷீர் பாய். எழுதவில்லை. அவள் ஓடிய அந்தக் காலையைப்போல நிம்மதியான காலை என் வாழ்வில் அதிகம் இல்லை. அந்த வாரமே விதியை மாற்றினேன். வருகிற எல்லோருடைய பெயரும் முகவரியும் முதலில், கடிதம் பிறகு. திருப்பி அனுப்ப நேர்ந்தால், ஏன் அனுப்பினோம், எப்போது தேடிப் போவோம் என்று எழுத ஒரு தனி நோட்டு. புதிய கட்டம் ஒன்றும் சேர்த்தேன்: 'எதனால் வலிக்கிறது என்று குழந்தை சொல்கிறது?'

இவற்றையெல்லாம் நீ அறிவாய். நான் சொல்லாமல் விட்டது ஒன்றுதான். அந்தத் திங்கட்கிழமை காலையில் உன்னைப் பொய்யன் என்று நினைத்ததற்காக நான் உன்னிடம் ஒருபோதும் வருத்தம் தெரிவிக்கவில்லை. ஒன்பது வயதில் நினைத்ததற்காகவும் இல்லை. குழந்தை பிழைத்த மகிழ்ச்சியில் அது மறைந்துபோயிற்று. மறைந்தது எனக்கு வசதியாக இருந்தது. இப்போது தெரிவிக்கிறேன். இரண்டு முறையும் நீ உண்மையைச் சொன்னாய். இரண்டு முறையும் நான் உன்னை நம்பவில்லை. மன்னித்துவிடு.

போன ஞாயிறு பிங்கி, அன்று உன்னிடம் பாதி பிஸ்கட்டை நீட்டிய அதே குழந்தை, விடைபெற வந்தாள் அல்லவா? பன்னிரண்டு வயது. நம்மைவிட நன்றாகக் கும்மிடிப்பூண்டித் தமிழ் பேசுகிறாள். நான் மேசையில் எழுதிக்கொண்டிருந்தேன், ஆனால் கேட்டேன். "அண்ணே, அங்க எல்லாரும் ரொட்டிதான் துன்னுவாங்க. 'முஜே கேஹூன் மனா ஹை'ன்னு சொல்லு. கோதும எனக்குக் கூடாதுன்னு அர்த்தம். ஒரு வாட்டி சொன்னா வுட மாட்டாங்க, கொஞ்சூண்டு துன்னு இன்னாவாப் போவுதுன்னுவாங்க. ரெண்டு வாட்டி சொல்லு," என்றாள். உன்னைப் பத்து முறை சொல்ல வைத்து, உச்சரிப்புக்காகச் சிரித்தாள். என் முப்பத்தொரு விதிகளில் இந்த வாக்கியம் இல்லை. மற்றவற்றுக்கு அவசியமும் இல்லை.

அடுத்த முகாமில் இருபத்தொன்றாம் எண் டோக்கன் காலியாகிறது. கடிதம் இல்லாமல் வரும் முதல் குழந்தைக்கு அதைக் கொடுக்க மருத்துவர் ஒப்புக்கொண்டுவிட்டார். நீ தொலைபேசியில் பேசும்போது என்ன சாப்பிட்டாய் என்று கேட்பேன். அந்தப் பழக்கத்தை இனி என்னால் மாற்ற முடியாது. ஆனால் உன் பதிலை எந்த நோட்டிலும் குறிக்க மாட்டேன். வலிக்கிறது என்று சொன்னால் அடுத்த ரயிலில் வந்து நிற்பேன். வலிக்கவில்லை என்று சொன்னால் விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போய்விடுவேன்.

உன் அப்பா